விண்ணப்பத்தை வாங்கவாவது வாங்குங்கள்: உள்துறை அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

புதுதில்லி, ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டவர் பிரிவில் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தர்மபுரி மாவட்டத்தில் அணைக்கட்டு ஓரமாக இருக்கும் ஓர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் யார், எந்த ஆண்டு வந்தோம், எத்தனை தலை என்பதெல்லாம் உங்கள் கோப்புகளில் எங்களுக்குத் தெரிந்ததைவிட விவரமாக இருக்கும். ஆகவே பழங்கதை பேசி உங்கள் நேரத்தை எடுக்கப்போவதில்லை. கேட்பது ஒன்றுதான். இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கு நாங்கள் விண்ணப்பிக்க ஒரு வழி வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் கையில். விண்ணப்பத்தை வாங்கவாவது வாங்குங்கள்.

என்னை இப்போது எழுத உட்கார வைத்தது என் மகளின் வேலை விஷயம். ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலை. பெயர் வேண்டாம், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறிவிட்டாள். விடுதியில் இடம் என்று சொல்லி அறை எண்ணும் கொடுத்துவிட்டார்கள். அவள் அம்மா பக்கெட், பாய், போர்வை எல்லாம் வாங்கிக் கட்டி வைத்தாள். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் துணைக்கு நானும் போனேன்.

மேசையில் உட்கார்ந்திருந்தது என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண். மதிப்பெண் பட்டியல், ஆதார், பான் அட்டை என ஒவ்வொன்றாக வாங்கி ஸ்கேன் செய்தாள். முகாம் அடையாள அட்டையைப் பார்த்ததும் கை நின்றது. உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். கணினியில் தேசியம் என்ற இடத்தில் இலங்கை என்று மாற்றினாள். உடனே வேறொரு பக்கம் திறந்தது. எல்லாக் கட்டத்துக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். விசா எண் என்று ஒரு கட்டம். அதை விட்டுவிட்டுக் கீழே போனாள். இந்தியாவுக்குள் நுழைந்த தேதி என்று அடுத்தது. கொஞ்ச நேரம் யோசித்தவள், என் மகளின் பிறந்த தேதியையே அடித்தாள். கணினி அதை ஏற்றுக்கொண்டது. அதற்கடுத்து, எந்த விமான நிலையம் அல்லது துறைமுகம் வழியாக வந்தீர்கள் என்று கேட்டது. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தோம். தர்மபுரி அரசு மருத்துவமனை அதில் இல்லை.

"அண்ணா, பாப்பா நல்லாப் பண்ணியிருக்கு. எங்களுக்கும் எடுக்கணும்னுதான் ஆசை. ஆனா விசா நம்பர் போடாம இது அடுத்த பக்கமே போகமாட்டேங்குது" என்றாள். அவளை என்ன சொல்ல? தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்து, அசல் சான்றிதழ்களை வரிசை மாறாமல் அடுக்கித் திருப்பித் தந்தாள். இப்போது என் மகள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகிறாள். பி.எஸ்சி. இயற்பியல். அங்கே யாரும் தேசியம் கேட்பதில்லை, கூலியும் அதற்குத் தகுந்தாற்போல்தான்.

அவள் பிறந்தது 2003-இல். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமக்கள் என்று 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. அதன்பின் பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986-இல் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022-இல் உத்தரவிட்டதும், 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்ததும் நீங்கள் அறிந்ததே. எங்கள் முகாமில் ஓர் அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள். அண்ணன் பிறந்தது 1986, தம்பி 1988. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே அடுப்பு. சட்டப்படி அண்ணன் இந்தியர், தம்பி வெளிநாட்டவர். தம்பியின் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று அண்ணன் என்னிடம் கேட்கிறார், நான் உங்களிடம் கேட்கிறேன்.

எங்களை நீங்கள் வைத்திருக்கும் பெயர் சட்டவிரோதக் குடியேறி. அந்தப் பெயர் குடியுரிமைச் சட்டத்தில் ஏறியது 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். நடைமுறைக்கு வந்தது 2004 டிசம்பர் 3-இல். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் 5-ஆம் பிரிவின்கீழ்க் குடியுரிமைக்குப் பதிவு செய்யவும் முடியாது, 6-ஆம் பிரிவின்கீழ் இயல்புரிமை, அதாவது நெடுநாள் வாழ்ந்ததைக் காட்டிப் பெறும் குடியுரிமை, கேட்கவும் முடியாது. சாதாரண வெளிநாட்டவர் ஒருவர் 14 ஆண்டில் 11 ஆண்டும், கடைசியாகத் தொடர்ந்து 12 மாதமும் இங்கே வாழ்ந்திருந்தால் இயல்புரிமைக்கு மனுப்போடலாம். நான் வந்தது 1990-இல், சின்னப் பையனாக. எத்தனை 14 ஆண்டு ஆயிற்று என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1990-இல் நாங்கள் கரை இறங்கியபோது யாருக்கும் தெரியாமல் ஓடி ஒளியவில்லை. பெயர் எழுதினார்கள், மண்டபத்தில் வைத்துச் சோறு போட்டார்கள், பிறகு அரசே பேருந்தில் ஏற்றி இந்த அணைக்கட்டு ஓரத்தில் கொண்டுவந்து இறக்கியது. நாகாவதி அணை, பாம்பாறு அணை என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எங்கள் சனத்தை அரசு குடிவைத்த இடங்களைப் பாருங்கள், அணைகளாகவே இருக்கும். அன்றிலிருந்து குடும்ப அட்டை உண்டு, மாத உதவித்தொகை உண்டு, காவல்துறையின் கியூ பிரிவுக்காரர்கள் வந்து தலை எண்ணுவதும் உண்டு. சுவரேறிக் குதித்தவனுக்கு வீட்டுக்காரரே இலை போட்டுப் பரிமாறி, மாதாமாதம் கைச்செலவுக்கும் கொடுப்பாரா? எங்களை வரவேற்றது தவறென்று நான் சொல்லவில்லை. அந்த நன்றி சாகும்வரை இருக்கும். ஆனால் கைபிடித்து உள்ளே அழைத்துவந்தவர்களே கேட்காமல் வந்தவன் என்று எழுதி வைத்திருப்பதுதான் புரியவில்லை.

2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினீர்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவ மக்களுக்கு வழி திறந்தது. 11 ஆண்டு என்பதும் 5 ஆண்டாகக் குறைந்தது. 2024 மார்ச்சில் விதிகளும் வந்தன. அவர்களுக்குக் கிடைத்ததில் எங்களுக்கு வயிற்றெரிச்சல் இல்லை. துரத்தப்பட்டவனின் வலி துரத்தப்பட்டவனுக்குத் தெரியும். எங்கள் முகாமில் பிள்ளையார் கோவிலும் இருக்கிறது, மாதா கோவிலும் இருக்கிறது. இலங்கை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

பிறகு 2025 செப்டம்பரில் குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்றது. அன்று முகாமில் சிலர் மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். சிறைக்கு அனுப்பமாட்டீர்கள் என்பது இருந்தது. வேலைக்கு அனுப்புவதற்கு எதுவும் இல்லை. அந்த மூன்று நாட்டவருக்குக் குடியுரிமைச் சட்டத்தில் கெடு 2014 டிசம்பர் 31, எங்களுக்கு இந்த ஆணையில் 2015 ஜனவரி 9. தேதியில் ஒன்பது நாள் எங்களுக்குக் கூடுதல் கொடுத்த தாராளத்துக்கு நன்றி. அவர்களுக்குக் குடியுரிமை, எங்களுக்கு மன்னிப்பு.

நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்ற ஒன்றே இந்தியாவில் கிடையாது என்று ஒருமுறை வக்கீல் ஒருவர் சொன்னார். இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. 2016 ஆகஸ்டில் உங்கள் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். வெளிநாட்டு முதலீட்டாளர் குறைந்தது 10 கோடி ரூபாயை 18 மாதத்தில் கொண்டுவர வேண்டும், அல்லது 25 கோடியை 36 மாதத்தில். ஆண்டுக்கு 20 இந்தியருக்காவது வேலை கொடுக்க வேண்டும். கொடுத்தால் 10 ஆண்டு தங்கலாம், குடியிருக்க ஒரு வீடும் வாங்கிக்கொள்ளலாம். எங்களில் குடும்பத் தலைவருக்கு அரசு தரும் உதவித்தொகை மாதம் 1,500 ரூபாய். அதில் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால் 10 கோடி ஆக 5,555 ஆண்டு பிடிக்கும். 18 மாதம் என்பதைச் சற்றே நீட்டித் தந்தால் நாங்களும் முயன்று பார்க்கிறோம்.

வீடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் புதுவீடு கட்டிய பாதிப்பேர் வீட்டுக்கு எங்கள் முகாமுக்காரர்களின் கை பட்டிருக்கும். எங்களுக்குத் தொழில் பெயிண்டிங்தான், நானும் பெயிண்டர்தான். படித்த பையன்களும் கடைசியில் பிரஷ்ஷையும் உப்புத்தாளையும் பிடிக்கிறார்கள். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் வரை போகிறோம், கணக்கெடுப்பு நாளுக்குள் ஓடி வந்துவிடுகிறோம். ஆனால் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் இலங்கைக் குடிமக்கள் இங்கே ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைதான். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் சிறுபான்மையினர் நீண்டகால விசா வைத்திருந்தால் குடியிருக்க ஒரு வீடு வாங்கலாம் என்று 2018-இல் விதி வந்திருக்கிறது. எங்களுக்கு அந்த விசாவும் இல்லை, அந்த வீடும் இல்லை.

இங்கே உள்ள கட்சிக்காரர்களையும் சொல்ல வேண்டும். மேடை ஏறினால் தொப்புள்கொடி உறவு. தேர்தல் அறிக்கை என்றால் எங்களுக்கு ஒரு பத்தி. 2021-இல் மாநில அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்து 7,469 வீடுகள் கட்டுவோம் என்றது. முன்பிருந்த தகரக் கொட்டகைக்கு அது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கூட்டத்தில் எந்தக் கட்சிக்காரரும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. ஓட்டு இல்லாத தெருவில் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? கடந்த மக்களவைத் தேர்தலுக்கு முன் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் '100 சதவீதம் வாக்களிப்போம்' என்று எழுதும் வேலை எனக்குத்தான் வந்தது. எழுத்து நன்றாக இருக்கிறது என்று தலைமையாசிரியர் பாராட்டினார். வாக்குப்பதிவு நாளில் அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை.

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் என் கோரிக்கைக்கே வருகிறேன்.

பெரிய சட்டத் திருத்தம் வர நாளாகும் என்பது தெரியும். அதுவரை, நீங்களே பதிவு செய்து, நீங்களே விலக்கு அளித்திருக்கும் எங்களுக்கு நீண்டகால விசா கொடுங்கள். அரசே அழைத்துவந்து குடிவைத்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே கழிந்த ஆண்டுகளை வாழ்ந்த ஆண்டுகளாகக் கணக்கில் சேருங்கள். பிறகு 5-ஆம் பிரிவோ 6-ஆம் பிரிவோ, எது பொருந்துமோ அதில் மனுப்போட விடுங்கள். 2019 ஜூனில் முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில் மதுரை அமர்வு சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் புதிதாக மனுக் கொடுக்கட்டும், ஆட்சியர் மேலே அனுப்பட்டும், ஒன்றிய அரசு 16 வாரத்தில் முடிவு சொல்லட்டும் என்றது. அவர்கள் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்கள், எங்கள் கதை சற்று வேறு என்பது தெரியும். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வர வேண்டியவர்களின் பிள்ளைகளே இன்னும் முகாமில் இருக்கிறார்கள் என்றால், என்போன்ற மன்னார்க்காரனின் முறை எப்போது வரும்?

திரும்பிப் போக விரும்புகிறவர்கள் போகிறார்கள், அவர்களை யாரும் தடுக்கவில்லை. நான் போய் நிற்க அங்கே வீடு இல்லை. என் மகளுக்கு அந்த ஊரே தெரியாது. அவளுக்குத் தெரிந்த கடல் தொலைக்காட்சியில் பார்த்ததுதான்.

எங்களைப் பற்றிய விவரம் தேட நீங்கள் புதிதாக ஆள் அனுப்ப வேண்டியதில்லை. புகைப்படம், கைரேகை, வந்த தேதி, பிறந்த பிள்ளைகள், செத்த பெரியவர்கள் எல்லாம் வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டிலும் கியூ பிரிவிலும் இருக்கின்றன. குற்ற வழக்கு உள்ளவர்களைத் தள்ளிவிடுங்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். மற்றவர்களின் மனுவை மாவட்ட ஆட்சியர் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நாங்கள் வரிசையில் நின்று கொடுத்துவிடுகிறோம். மறுத்தால் காரணத்தை எழுதி அனுப்புங்கள், அதையும் வாங்கிக்கொள்கிறோம்.

அந்தத் தொழிற்சாலையில் அடுத்த ஆள் எடுப்பு வரும்போது, விசா எண் கேட்கும் கட்டத்தில் போடுவதற்கு என் மகளுக்கு ஓர் எண் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முகாமில் வசிக்கும் ஒரு பெயிண்டர்,
தர்மபுரி மாவட்டம்