வைக்கலுக்கு நெருப்பு வைக்காதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில கிளிநொச்சிப் பக்கம் வயல் எரியிற படம் ஒண்டு போட்டிருந்தியள், பாத்ததில இருந்து மனம் கேக்கேல்ல, அதுதான் எழுதுறன். நான் முந்தி விஞ்ஞானம் படிப்பிச்சனான், இப்ப இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிறன்.

மெசின் வெட்டினாப் பிறகு வைக்கல் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கும், சிறுபோகத்துக்கு உழவேணும் எண்ட அவசரத்தில கொளுத்தி விடுறம். அதில இருக்கிற, பயிருக்கு உரமாகிற நைதரசன் கிட்டத்தட்ட முழுக்கப் புகையோட போயிடும். 2021ல உரத்துக்கு நாங்கள் பட்ட பாடு அதுக்குள்ள மறந்து போச்சா?

எரிக்காம உழுது தண்ணி கட்டி உடன விதைக்கிறதும் சரிவராது. நான் ஒரு போகம் அப்பிடிச் செய்து பயிர் மஞ்சளடிச்சு, பிடுங்கிப் பாத்தா வேர் ஓடவேயில்ல. உக்கிற வைக்கல் நைதரசனை இழுத்துப் பிடிக்கும், அது ஒண்டு. மற்றது, அதின்ர இலிக்னினோட (வைக்கலையும் மரத்தையும் விறைப்பா வைச்சிருக்கிற பொருள்) ஒட்டியிருக்கிற பெரூலிக் அமிலம், கூமாரிக் அமிலம், வனிலிக் அமிலம் (ஐஸ்கிறீமில மணக்கிற வனிலாவின்ர சொந்தக்காரர்தான்) எல்லாம் வெளிய வந்து, காத்துப்படாத சேத்துக்குள்ள தேங்கி நிண்டு வேரை அமத்திப் போடும்.

இந்த அமிலங்களைச் சாப்பாடாக்கிற ஆள் பங்கசு, காளான் இனம். மாரிக்குப் பட்ட மரக்கட்டையள் வெள்ளையாப் பஞ்சு மாதிரி உக்கிக் காளான் பூத்து நிக்கிறதைக் கண்டிருப்பியள், இலிக்னின் போய் மிஞ்சின செல்லுலோசுதான் அந்த வெள்ளை. அந்தப் பங்கசு லக்கேசு, பெரொட்சிடேசு எண்ட நொதியங்களை வெளிய விட்டு இலிக்னினை உடைக்கும், இலிக்னின் பெரொட்சிடேசைக் கண்டுபிடிச்சதே 1983லதான். உடைஞ்சு வாற அமிலங்களை உள்ள எடுத்து, பெரூலிக்கின்ர வாலை வெட்டி வனிலிக் ஆக்கி, அதில இருந்து காபனீரொட்சைட்டைக் கழட்டி, கடைசியா அந்த ஆறு காபன் வளையத்தையே ஒட்சிசனை வைச்சு அறுத்துத் திறக்கும். நெருப்பில்லாம, சாதாரண சூட்டில, ஒரு பங்கசு இதைச் செய்யுது எண்டு படிப்பிக்கேக்க எனக்கு ஒவ்வொரு முறையும் மெய் சிலிர்க்கும். வளையம் திறந்தா மிச்சம் லேசு, நாங்கள் தின்னிற சோறு சக்தியாகிற அதே சக்கரத்துக்குள்ள போயிடும்.

ஆனா ஒட்சிசன் வேணும், தண்ணிக்குள்ள தாண்ட வைக்கலில இது நடக்காது. அதால வைக்கலை வரம்போரமாக் குமிச்சு, தண்ணி தெளிச்சு, மாட்டெருவும் கொஞ்சம் போட்டு, இடைக்கிடை பிரட்டி விடுங்கோ, உக்கினாப் பிறகு வயலுக்குப் போடலாம். எங்கட ஊரில வைக்கலில சிப்பிக் காளான் போடுற பொம்பிளையள் இருக்கினம், அந்தக் காளானும் இதே வேலைதான் செய்யுது, ஆய்ஞ்சு முடிஞ்ச பையை றோட்டோரம் எறியாம உள்ளுக்க இருக்கிறதை வயல்காரருக்குக் குடுத்தா எவ்வளவு நல்லம்.

இன்னும் வெட்டாத வயல் கனக்கக் கிடக்கு ஐயா, தயவுசெய்து இந்தக் கிழமையே உங்கட விவசாயப் பக்கத்தில படத்தோட போடுங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கிளிநொச்சி