கூடைக் குடும்பங்களுக்கு பாகூரிலிருந்து நன்றி

அன்புள்ள கூடைக் குடும்பங்களுக்கு,

தென்பெண்ணை ஆறு வெள்ளமாக எங்கள் வயலுக்குள் வந்துபோன கதை உங்களுக்கே தெரியும். இப்போதுதான் வண்டல் காய்ந்து, காலை ஊன்றி நடக்க முடிகிறது.

வெள்ளத்துக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, கூடை கொடுக்கப் புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு நாங்கள் கொண்டுவந்தது, சாய்ந்த வாழையில் வெட்டிய தண்டும் பூவும்தான். கத்தரி, வெண்டை, அவரை எதுவும் தேறவில்லை. விளைச்சலில் ஒரு பங்கு கூடையாக வரும் என்று விதைக்கும் முன்பே பணம் கட்டிய உங்களிடம் இதை எப்படி நீட்டுவது என்று தயங்கி நின்றோம். இளம் பிள்ளைகள் சிலர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆயத் தெரியாதாம்.

எதிர் வீட்டு அம்மா உள்ளே போய் முறமும் எண்ணெய்க் கிண்ணமுமாக வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒவ்வொரு பூவிலும் நரம்பையும் கண்ணாடி மாதிரி இருக்கும் செதிலையும் கிள்ளி எறிந்தார். "இந்தக் கள்ளன் மட்டும் வேகவே வேகாது. ஆய்ஞ்சத மோர்ல போட்டு வை, கறுக்காது." அப்புறம் தண்டை வில்லை வில்லையாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்துக் காட்டினார். பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்துவிட்டார்கள். மதியத்துக்குள் ஒரு தண்டு மிஞ்சவில்லை. திரும்பும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

விளைந்தாலும் பங்கு, விளையாவிட்டாலும் பங்கு என்று சேரும்போதே எல்லாரிடமும் சொல்வோம். சொல்லிவிடலாம், சரி. வெள்ளத்துக்குப் பிறகும் பையோடு வந்து நிற்பது வேறு. மண்டிக்குப் போடும் விவசாயிக்கு அன்றைய விலைதான் கணக்கு, சாய்ந்த வாழையை அங்கே யார் கேட்பார்கள்?

முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றதும் வேண்டாம் என்றவர்கள், வண்டல் அள்ள வந்த கல்லூரிப் பிள்ளைகள், மோட்டாரைக் கழற்றி மேட்டில் ஏற்றிய பக்கத்து வயல் அண்ணன், தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றபோதும் "மாடு கன்னு பத்திரமா?" என்று போனில் கேட்ட கடலூர் மஞ்சக்குப்பத்துக் குடும்பங்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி.

சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்தாயிற்று. 25 நாளில் கூடைக்கு வந்துவிடும். பீர்க்கு, புடலைக்குத் தை கழிய வேண்டும். வாழையில் பக்கக் கன்றுகள் தெரிகின்றன, தார் வெட்ட ஒரு வருடமாவது ஆகும். முதல் தார் அந்த அம்மா வீட்டுக்குத்தான். காசு கொடுத்தால் வாங்க மாட்டோம், இப்போதே சொல்லிவிடுகிறோம்.