அப்பாவின் பழைய ஒபிஸில் ஒரு மதியச் சாப்பாடு

போன மாதம் அப்பாவின் 75ஆவது பிறந்தநாளுக்கு அவரைக் கொழும்பு அல்பிரட் ஹவுஸ் வீதியில் உள்ள கலரி கஃபேக்குக் கூட்டிப்போனோம். அன்று உதவியவர்களில் பாதிப்பேரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அப்பாவுக்கு அது சாப்பாட்டுக்கடை இல்லை, 'ஒபிஸ்'. எழுபதுகளின் கடைசியில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தார். ஒரு மருத்துவருக்கென்று 1961இல் பாவா வரையத் தொடங்கிய வீடு அது. கடைசியில் பாவாவின் சொந்த அலுவலகமாகிவிட்டது. 1998இல் ஷாந்த் பெர்னாண்டோ அதை உணவகமாக்கினார். 83இல் யாழ்ப்பாணம் போன அப்பா அதற்குப் பிறகு அந்த வீதிப்பக்கமே வரவில்லை.

முதல் நன்றி ஓட்டோக்காரத் தம்பிக்கு. அவசரப்படாமல் வீதியை இரண்டு தரம் சுற்றிக் காட்டினீர்கள். அப்பா சொன்ன பழங்கதையையும் பொறுமையாகக் கேட்டீர்கள்: 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் அல்பிரட்டுக்குச் செல்வந்தர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா தங்கத் தட்டில் விருந்து வைத்தது, அந்த மாளிகை 'அல்பிரட் ஹவுஸ்' ஆனது. பெயரே விருந்தால் வந்த வீதியில் கடைசியில் உணவகம் வந்ததில் என்ன அதிசயம் என்று கேட்டீர்களே, சரிதான்.

வாசலில் நின்றவருக்கு அடுத்த நன்றி. மேசையை வேறு நாளுக்குப் பதிவுசெய்த பிழை என்னுடையது. முகம் சுளிக்காமல் உள்ளே விட்டீர்கள்.

முற்றங்களைத் தாண்டிக் குளத்தடிக்கு வந்ததும் அப்பா நின்றுவிட்டார். தன் வரைமேசை இருந்த இடத்தைக் கையால் காட்டினார். அங்கே ஒரு இளம் சோடி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சோடிக்கும் நன்றி: நீங்களாகவே கோப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினீர்கள். அந்தக் கதிரையில் இருந்ததும் அப்பா சொன்னது: "படத்துக்குப் பக்கத்தில தேத்தண்ணி வைக்கக்கூட விடமாட்டினம். இப்ப கறியே வைக்கினம்!" கோபம்போல இருந்தது, ஆனால் இரண்டு தரம் கறி வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம் எங்களுக்குப் பரிமாறிய, ஹற்றனைச் சேர்ந்த தம்பிக்கு நன்றி. பாவாவின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், அவருடைய பங்காளராக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரத்தை யார் நினைக்கிறார்கள் என்று அப்பா குறைப்பட்டபோது, பெயரைத் திருப்பிக் கேட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டீர்கள். நெளிந்த கூரைச் சீற்றின் மேல் அரைவட்ட ஓடு பதித்து ஒழுக்கை நிறுத்தும் பாவாவின் முறையை அப்பா கைதுடைக்கும் கடதாசியில் கீறிக் காட்டினார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள்.

தம்பி, அந்தக் கடதாசி இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? கூரைச் சாய்வைப் பிழையாகக் கீறிவிட்டேன் என்று அப்பா இரண்டு கிழமையாகப் புலம்புகிறார்.