வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடு

அன்புள்ள கண்ணு,

முந்தாநாள் நீ பேசும்போது பின்னால் ஹாரன் சத்தம். கேட்டதற்கு, "புளூடூத்துலதான் பேசறேன்ப்பா, ரெண்டு கையும் ஸ்டீயரிங்லதான் இருக்கு" என்றாய். பிரச்சினை கையில் இல்லை. 2001ல் அமெரிக்காவில் ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்ற இருவர், வண்டி ஓட்டுவது போன்ற ஒரு வேலையைக் கொடுத்துச் சோதித்தார்கள். போனில் பேசியவர்கள் இரு மடங்கு சிக்னல்களைத் தவறவிட்டார்கள். போனைக் கையில் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் அதே கதைதான். ரேடியோ கேட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேடியோவுக்குப் பதில் சொல்ல வேண்டாமே!

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. நான் பஸ் ஓட்டிய காலத்தில் கண்டக்டர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவார். ஆனால் வளைவில் எதிரே லாரி மூக்கை நீட்டினால் பேச்சு பாதியில் நின்றுவிடும். அவர் கண்ணுக்கும் ரோடு தெரிகிறதல்லவா? போனில் இருக்கிறவருக்கு உன் ரோடு தெரியாது, அவர் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். ஸ்ட்ரேயரின் குழு 2008ல் இதையும் சோதித்து எழுதியிருக்கிறது. எங்களுக்கு முன்பே தெரியும் என்று உன் அம்மாவிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன்.

அம்மா மட்டும் கொழுந்து பறித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறாளே என்பாய். அது கை பழகிய வேலை, யோசனை கேட்காது. புதருக்குள் காட்டெருமை அசையட்டும், அவள் பேச்சும் நின்றுவிடும். யோசிக்க வேண்டிய வேலைகள் இரண்டு சேர்ந்தால் மனம் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறது, அவ்வளவுதான். கியர் மாற்றும்போது வண்டி ஒரு கணம் இழுவை விட்டுப்போகிற மாதிரி, ஒவ்வொரு தாவலுக்கும் கொஞ்சம் நேரம் போகும். விட்டு வந்த வேலையின் மிச்சமும் மனதில் ஒட்டிக்கொண்டே வரும்.

முப்பது வயசிலேயே மறதி வந்துவிட்டது என்று புலம்பினாயே, மீட்டிங்கில் உட்கார்ந்து மெயிலுக்குப் பதில் எழுதினால் அங்கே பேசியது எப்படி மனதில் ஏறும்? ஏறாததை மறதி என்று சொல்லாதே.

புலவர் செய்குத்தம்பிப் பாவலர் 1907ல் சென்னையில் சதாவதானம், அதாவது ஒரே சமயத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்வது, செய்து காட்டவில்லையா என்று உன் தம்பி மடக்குகிறான். நூறையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வாங்கி வைத்தார். அபார நினைவு, வருஷக்கணக்கான பயிற்சி. அப்புறம், வண்டி ஓட்டுவது, போனில் பேசுவது இரண்டையும் சேர்த்துச் செய்தும் தடுமாறாதவர்கள் உண்டுதான். 2010ல் 200 பேரைச் சோதித்ததில் நூற்றுக்கு இரண்டரைப் பேர் தேறினார்களாம். தானும் அந்த இரண்டரையில் ஒருவன் என்கிறான் இவன். பைக் சாவியை இவனிடம் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

இனி நீ வண்டியில் இருப்பது தெரிந்தால் நான் போனை வைத்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே. சனிக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன் கோவை வருகிறார், வர்க்கியும் கேரட்டும் கொடுத்துவிடுகிறேன். அம்மா உனக்குக் கம்பளி ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறாள், கோவை வெயிலில் அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா