சுந்தரர் கையில் செல்போன் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

திருவொற்றியூர் மகிழமரக் கதையை நீ காமிக்ஸாக வரைகிறாய் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வடசென்னையில் பிறந்த ஒரு பிள்ளை பெரியபுராணத்தைக் கையிலெடுத்துச் சிரிக்கச் சிரிக்க வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதனால்தான் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீ வரைந்த சுந்தரர் கையில் இருக்கும் செல்போனை எடுத்துவிடு. சிவபெருமானின் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிடு. பழைய கதையில் வேடிக்கை இல்லை, நாம்தான் கொண்டுபோய் ஒட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் செய்கிற வேலை அது.

12-ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் உனக்குக் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்துவிட்டார். திருவொற்றியூரில் இருக்கும் சங்கிலியாரை மணக்க ஆசைப்படுகிறார் சிவனடியாரான சுந்தரர். திருவாரூரில் மனைவி பரவையார் ஏற்கெனவே இருக்கிறார். ஆகவே, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். சுந்தரர் நேரே சிவனிடமே போய், நான் சந்நிதியில் சத்தியம் செய்ய வரும்போது நீங்கள் மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று கேட்கிறார். சிவனும் சம்மதிக்கிறார். சம்மதித்த கையோடு சங்கிலியாரின் கனவில் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கிக்கொள் என்கிறார்! இதைவிடப் பெரிய வேடிக்கையை நீயோ நானோ யோசித்துவிட முடியுமா?

விடிந்ததும் தோழிமார் வந்து மரத்தடி என்று சொல்லும் இடத்தில் நீ நீளமாக வசனம் எழுதியிருக்கிறாய். அத்தனையையும் அடித்துவிட்டு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கு. முதல் கட்டத்தில் சுந்தரர் சந்நிதியை நோக்கி நிம்மதியாக நடக்கட்டும். இரண்டாவதில் ஒரு தோழி, “மகிழமரத்தடியில்” என்று மட்டும் சொல்லட்டும். மூன்றாவதில் சுந்தரரின் முகம், வசனப் பலூனே இல்லாமல். மரத்தடியில் யார் காத்திருக்கிறார் என்பது படிப்பவருக்கு முன்பே தெரியும். விளக்கினால் கெட்டுவிடும்.

அதோடு கதையை முடித்துவிடாதே. மறைந்து நின்று அந்தச் சத்தியத்தைப் பார்த்த சங்கிலியாரின் மனம் பதறுவதைச் சேக்கிழார் விடவில்லை. பிறகு வசந்தம் வந்து, திருவாரூர் நினைவில் சுந்தரர் சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்ட, கண்ணொளி போய்விடுகிறது. சிரித்துக்கொண்டே வந்த வாசகன் அங்கே திடுக்கிட வேண்டும். அந்தப் பக்கத்தில் கோடுகளைக் குறைத்துக்கொள்.

சாமி கதையில் வேடிக்கை செய்தால் பெரியவர்கள் கோபிப்பார்களா என்று கேட்டிருந்தாய். ஒவ்வொரு மாசித் திருவிழாவிலும் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மகிழடி சேவை என்று இந்தச் சத்தியத்தையே கொண்டாடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று பார். தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கிய சுந்தரரோடு தம்பிரானாகிய சிவன் ஆடிய விளையாட்டு அது. அன்பைக் குறைக்காத சிரிப்புக்கு நம் ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

நம் காலத்துக்குக் கொண்டுவந்துதான் தீருவேன் என்றால் அதற்கு வேறு பாட்டு இருக்கிறது. திருக்குறளில் புலவி நுணுக்கம் அதிகாரத்தை எடு.

வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள்
யாருள்ளித் தும்மினீர் என்று.

அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே, யாரை நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் பாவம், தும்மலை அடக்கிப் பார்க்கிறான். உங்களவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகை. வள்ளுவர் ஊர் பெயர் சொல்லவில்லை, வீட்டைக் காட்டவில்லை. அதனால் நீ காசிமேட்டில் வைக்கலாம். அவன் வாசலில் உட்கார்ந்து வலை பழுதுபார்க்கட்டும், அவள் பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கட்டும். அடக்கிய தும்மலில் மூக்கு விடைப்பதை நீ வரைந்தால் எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிகிறது. மகிழமரக் கதை அப்படியல்ல. அதற்கு ஊர் உண்டு, மரம் உண்டு. அதை இடம் மாற்றாதே.

தோழிமார் பக்கத்தைத் திருத்தி முதலில் எனக்கு அனுப்பு. வரும் மாசிக்குள் புத்தகமாக்கிவிடலாம். அச்சுச் செலவில் பாதி என்னுடையது.

அன்புடன்,
அக்கா