கண்ணாடி ஆராய்ச்சிக்கும் கொஞ்சம் நிதி ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆராய்ச்சி நிதி என்றாலே எல்லோரும் சிப், பேட்டரி, செயற்கை நுண்ணறிவு என்றுதான் பேசுகிறார்கள். சரி, பேசட்டும். ஆனால் கண்ணாடி, செராமிக் பற்றிய அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் மட்டும் 'இதில் கண்டுபிடிக்க இன்னும் என்ன இருக்கிறது?' என்கிறார்கள்.

நிறைய இருக்கிறது. உருகிய கண்ணாடி குளிரும்போது அணுக்கள் படிகம்போல வரிசையாக அமராமல் ஒழுங்கில்லாமலே உறைந்துபோவது எப்படி என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முழு விளக்கம் இன்றுவரை கிடையாது. கண்ணாடி இழையில் ஒளி மங்குவதற்கு முக்கியக் காரணம் அதில் கலந்திருக்கும் மாசுதான், கண்ணாடியின் குணமல்ல என்று 1966-இல் இயற்பியலாளர் சார்லஸ் காவ் சொன்னபோது விற்பதற்கு அவரிடம் எந்தப் பொருளும் இல்லை. நான்கே ஆண்டுகளில் கார்னிங் நிறுவனம் அப்படியொரு தூய இழையைச் செய்துகாட்டியது, இன்று இணையமே அதில்தான் ஓடுகிறது (அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 2009 ஆகிவிட்டது, அது வேறு கதை). அப்புறம் 1986-இல் பெட்னோர்ஸ், முல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் உயர்வெப்ப மீக்கடத்தியை (அதுவரை தெரிந்தவற்றைவிட அதிக வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) கண்டுபிடித்ததும் ஒரு செராமிக்கில்தான்.

ஒரு கண்ணாடியின் மெதுவான மாற்றத்தை அளக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். அப்படியிருக்க, விண்ணப்பத்திலேயே 'எந்தத் தயாரிப்பு, எப்போது சந்தைக்கு வரும்?' என்று கேட்டால் யார்தான் நேர்மையாகப் பதில் எழுத முடியும்? அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, குறைந்தது ஐந்தாறு ஆண்டுகளுக்கு விட்டுவிடாமல் நிதி தாருங்கள். பெரிய தொகைகூட வேண்டாம், பாதியில் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்