அந்த 350 யார் சொன்ன கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘பர்மா விஜே’ (விஜே என்றால் வீடியோ நிருபர்) ஆவணப்படத் திரையிடல் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். 2007-இல் பிக்குகள் ராணுவ ஆட்சியை எதிர்த்து ரங்கூன் தெருக்களில் ஊர்வலம் போனதைப் பற்றிய படம். சரி, நல்ல விஷயம். ஆனால் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி: “முன்னதாக 1988 கலவரத்தில் 350 பேர் பலியாயினர்.” அவ்வளவுதான். கையிலிருந்த காபி ஆறிப்போகும்வரை அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

350 என்பது சுட்டவர்கள், அதாவது ராணுவ அரசு, சொன்ன கணக்கு. செத்தவர்கள் பக்கம் 3,000 என்கிறார்கள். இது உங்களுக்குத் தெரியாததா? அதே அரசாங்கம்தான் அந்த வருடம் மார்ச்சில் 41 பேர் போலீஸ் வேனுக்குள் அடைபட்டு மூச்சுமுட்டிச் செத்ததை மறைத்துவைத்து, ஜூலையில்தான் ஒப்புக்கொண்டது. அப்பேர்ப்பட்ட கணக்குப்பிள்ளையின் பேரேட்டை அப்படியே வாங்கி அச்சில் ஏற்றிவிட்டீர்கள். ‘கலவரம்’ என்ற சொல்லும் அதே கடைச் சரக்குதான். ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலையில் வேலையைப் போட்டுவிட்டு முதலில் நடந்தவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள். பின்னால் மாணவர்கள், பிக்குகள், நர்சுகள், அரசாங்க குமாஸ்தாக்கள். 8-8-88 என்ற தேதியை வைத்து பர்மாக்காரர்கள் இன்றைக்கும் அதை ‘நாலு எட்டு’ என்றுதான் சொல்வார்கள். 1962 முதல் நாட்டை ஆண்ட ஜெனரல் நே வின், ஜூலையில் பதவி விலகிய உரையிலேயே சொல்லிவிட்டாரே, ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது, ஆளைப் பார்த்துத்தான் சுடும் என்று. கலவரக்காரர் யார் என்பதை அதிலிருந்தே தெரிந்துகொண்டிருக்கலாம்.

நான் பிறந்தது ரங்கூனில். 1964-இல் அப்பாவின் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அடுத்து 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். மறுவருடம் கப்பலேறினோம். துறைமுகத்தில் அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். திருகு வரவில்லை. சோப்பு கொண்டுவரச் சொல்லி, தடவித் திருகி எடுத்தார்கள். பெரியப்பா குடும்பம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போனபோது பெரியப்பா மகன், என் அண்ணனின் பிஸ்கட் டின் நிறைய 75-ஆக இருந்ததாம். (2016-இல் இங்கே ராத்திரி எட்டு மணிக்கு அறிவித்தபோது வீட்டில் எல்லாரும் பதறினார்கள். நான் போய்ப் படுத்துவிட்டேன்.)

1988 நவம்பரில் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையைப் பிரித்துப் படித்துவிட்டுக் கஞ்சிப் பசையால் மறுபடி ஒட்டியிருந்தார்கள். உள்ளே நாலே வரி. மழை பலம், அரிசி விலை ஏறிவிட்டது, எல்லாரும் சுகம், பெரியவன் ஊரில் இல்லை. பெரியவன் என்றால் அண்ணனின் மூத்த மகன், காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த பையன். அப்புறம் வந்த எந்தக் கடிதத்திலும் அவன் பேர் இல்லை. நாங்களும் கேட்டு எழுதவில்லை, படிப்பது அண்ணன் மட்டுமல்ல என்று தெரியும். அவன் உங்கள் 350-க்குள் வருகிறானா, வெளியே நிற்கிறானா என்று உங்கள் நிருபர் விசாரித்துச் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

நிருபரிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் கேமரா ஆடுகிறதாம், தலை சுற்றுகிறதாம். பைக்குள்ளும் கக்கத்திலும் மறைத்துவைத்த கேமரா ஆடாமல் என்ன செய்யும்? மாட்டினால் ஜெயில். அப்படி எடுத்தது எல்லை தாண்டி, நாடு கடந்த பர்மாக்காரர்கள் ஆஸ்லோவில் நடத்திய டி.வி. நிலையத்துக்குப் போய், சாட்டிலைட் வழியாக ரங்கூன் வீடுகளுக்கே திரும்பி வந்தது. ‘சில காட்சிகள் நடித்து எடுக்கப்பட்டவை’ என்று ஒரு குத்தல் வேறு. ஆமாம், போனில் பேசுகிற காட்சிகள் அப்படித்தான், படமே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. சூலே பகோடா பக்கத்தில் ஜப்பான் நிருபர் கென்ஜி நாகாய் சுடப்பட்டு விழுகிறாரே, அதை யார் நடித்தது? அவர் கையிலிருந்த கேமரா அவருடைய சகோதரிக்குக் கிடைத்ததே 2023-இல்தான். 1988-இல் இப்படி ஒளித்து எடுக்க ஆளும் கருவியும் குறைவு. அதனால்தானே அந்த வருடத்துக்கு ஒரு பெட்டி போதும் என்று முடிவு செய்தீர்கள்?

பர்மா பஜாரில் முப்பது வருடம் வீடியோ டேப் விற்றவன் நான். தெரிந்த தெரு ஒன்று திரையில் வராதா என்று இந்தப் படத்தை நாலு தடவை பார்த்தேன். பால்கனியில் நின்று கைதட்டுகிறவர்கள் முகத்தையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அது என் பாடு, விடுங்கள்.

1990 தேர்தலில் 392 இடம் ஜெயித்த ஆங் சான் சூ கி கட்சிக்காரர்களை உட்காரவிடாமல் ராணுவம் தடுத்தபோது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை. தபால்தலை ஒட்டி வைத்த உறையும் திரும்பவில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது நீங்கள் போட்ட கட்டுரைக்கு மேலே இருந்த படம் தாய்லாந்துக் கோயில். அதைப் பற்றி நான் எழுதவே இல்லை.

இப்போது கேட்பது சின்ன விஷயம். ‘கலவரம்’ என்பதை ‘எழுச்சி’ என்று திருத்தி, 350-க்குப் பக்கத்தில் ‘ராணுவ அரசு சொன்னது’ என்று சேர்த்து, அதே பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். அப்புறம், திரையிடல் முடிந்து எட்டாம் நாள் செய்தி போடாமல், அடுத்த முறை முன்கூட்டியே இடமும் நேரமும் போடுங்கள். எங்கள் காலனியில் இன்னும் ஏழெட்டுக் கிழங்கள் பஸ் ஏறத் தயார்.

இப்படிக்கு,
1979 முதல் சந்தாதாரர்,
வியாசர்பாடி, சென்னை.

பி.கு.: அத்தோ பர்மா நூடுல்ஸ், சீனச் சாப்பாடு அல்ல. போன மாத சமையல் பக்கத்தைச் சொல்கிறேன்.